சூட்டில் போன லேப்டாப்புக்கு வாரண்டி உண்டா?

கோடை தொடங்கிவிட்டால் லேப்டாப் சர்வீஸ் சென்டர்களில் ஒரே மாதிரியான தகராறு ஆரம்பமாகும். "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு, சூடாகி அணைஞ்சுபோச்சு" என்பார் வாடிக்கையாளர். "போர்டு போயிடுச்சு சார், இது வாரண்டியில வராது" என்பார் கவுன்டரில் இருப்பவர். வாங்கிப் பத்து மாதம்கூட ஆகியிருக்காது. இத்தனைக்கும் அதே மாடல், அதே கோளாறு என்று போன இன்னொருவருக்கு மதர்போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

இதில் யாராவது ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கத் தோன்றும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வாரண்டி ஆவணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாலும் 'சூடு' என்ற சொல் அநேகமாகக் கண்ணில் படாது. அந்த ஆவணத்துக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. எதனால் சூடானது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

கிணற்று மோட்டாரில் காயில் கருகினால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'சூட்டில் கருகியது' என்று சொல்லி மெக்கானிக் நிறுத்திக்கொள்வதில்லை. லோ வோல்டேஜா, பேரிங் இறுகியதா, தண்ணீரில்லாமல் ஓடியதா என்று பார்ப்பார். மூன்றிலும் கருகிய காயில் ஒன்றுபோலத்தான் இருக்கும். செலவு யார் தலையில் என்பதுதான் மாறும். லேப்டாப்பிலும் சங்கதி இதுதான்.

## சூடு எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது

லேப்டாப்புக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. மெல்லிய அலுவலக லேப்டாப்பின் பிராசசர் சுமார் 15 வாட் வகையைச் சேர்ந்தது. கேமிங் லேப்டாப்பில் பிராசசர் மட்டும் 45 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். அதோடு கிராபிக்ஸ் சிப் தனியாக 100 வாட்டைத் தாண்டலாம். ஒரு காலத்தில் வீட்டில் எரிந்த 100 வாட் குண்டு பல்பைத் தடித்த நோட்டுப் புத்தகம் அளவு பெட்டிக்குள் வைத்து மூடியதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வெப்பம் வெளியேற ஒரே ஒரு பாதைதான் உண்டு. சிப்பின் முதுகில் தடவிய தெர்மல் பேஸ்ட், அதன்மேல் பதிந்த செம்புத் தகடு, அதிலிருந்து நீளும் ஹீட் பைப், அதன் முனையில் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள், கடைசியாக அந்தப் பற்களுக்கிடையே காற்றைத் தள்ளும் ஃபேன். பேஸ்ட் காய்ந்தாலும், பற்களை அழுக்கு அடைத்தாலும், ஃபேன் தேய்ந்தாலும், கீழே காற்று நுழையும் துளைகளை மெத்தை மூடினாலும் விளைவு ஒன்றுதான். உள்ளே வெப்பம் தேங்கும்.

## சூடு நிஜமாகவே எதைக் கெடுக்கிறது

'சூட்டில் பிராசசர் உருகிவிட்டது' என்று பலர் சொல்வதுண்டு. அப்படி நடப்பது மிக அரிது. இன்றைய சிப்புகளுக்குத் தற்காப்பு தெரியும். இன்டெல்லின் பல லேப்டாப் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. வரம்பை நெருங்கியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் சட்டென்று அணைந்துவிடும். சிப்பைப் பலகையோடு ஒட்டவைக்கும் ஈயம் கலக்காத சால்டர் உருகவே ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். அந்த வெப்பம் லேப்டாப்புக்குள் சாதாரணமாக வரவே வராது.

பிறகு போர்டு ஏன் சாகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சிலிக்கானும் அது உட்கார்ந்திருக்கும் பலகையும் வெப்பத்தில் ஒரே அளவு விரிவதில்லை. சிலிக்கானைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் பலகை விரியும். காலையில் ஆன் செய்தால் விரிவு, மாலையில் அணைத்தால் சுருக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட நுண்ணிய சால்டர் புள்ளிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழுபடுகின்றன. ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைப்பதுபோல, சில நூறு அல்லது சில ஆயிரம் சுற்றுக்குப் பிறகு எங்கோ ஒரு புள்ளியில் விரிசல் விழுகிறது. அன்றைக்குத் திரையில் கோடு வரும், அல்லது எதுவுமே வராது.

பேட்டரி இன்னும் பலவீனமானது. லித்தியம் அயன் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பதுதான் அதை வேகமாக முதுமையாக்கும். வருஷம் முழுக்க சார்ஜரிலேயே செருகிக் கிடக்கும் ஆபீஸ் லேப்டாப்பின் பேட்டரி உப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்களான எலெக்ட்ரோலைடிக் கபாசிட்டர்களுக்கோ மின்னணுப் பொறியாளர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: சேதம் மெதுவாகச் சேர்கிறது. வாரண்டியோ பெரும்பாலும் ஒரு வருஷம். குறை முதல் நாளே உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் அது வெளியே தெரிவது பதினான்காம் மாதத்தில். வாரண்டிச் சண்டைகளில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

## வாரண்டி வாசகம் சொல்வது என்ன

நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். முதல் பாதி வாக்குறுதி: மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ குறை இருந்தால் சரிசெய்து தருவோம். இரண்டாம் பாதி விலக்கு: விபத்து, தவறான பயன்பாடு, திரவம், அனுமதியில்லாத பழுதுபார்ப்பு, அறிவித்த வழிகாட்டுதலுக்குப் புறம்பான பயன்பாடு, இயல்பான தேய்மானம் ஆகியவற்றால் வந்த சேதம் எங்கள் பொறுப்பல்ல. சூட்டுக்கான காரணங்களை இந்த இரண்டு பாதிகளுக்கும் பிரித்துப் போட்டால் படம் தெளிவாகும்.

1. ஃபேன் நின்றுபோனது. வாரண்டிக் காலத்துக்குள் என்றால் இது நேராக வாக்குறுதிக்குள் வரும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எச்பி லேப்டாப்புகளில் ஆன் செய்யும்போதே '90பி' என்ற எண்ணோடு ஃபேன் சரியில்லை என்று திரையே சொல்லிவிடும். அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

2. ஹீட் சிங்க் (மேலே சொன்ன செம்புத் தகடும் பற்களும்) சரியாகப் பதியாதது, பேஸ்ட் ஒழுங்காகத் தடவாதது, ஹீட் பைப் கசிந்தது. இவை செய்நேர்த்திக் குறைகள். வாரண்டியில் வரவேண்டியவைதான். சிக்கல் என்னவென்றால், திறந்து பார்க்காமல் தெரியாது, திறந்து பார்ப்பவர் நிறுவனத்தின் ஆள்.

3. தூசி. இதுதான் நடுத்தெரு. ஃபேனையும் துளைகளையும் சுத்தமாக வைத்திருப்பது பயனாளரின் பராமரிப்பு என்பது நிறுவனங்களின் நிலை. சில சென்டர்களில் வாரண்டிக்குள் கேட்டால் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள், சில இடங்களில் கட்டணம். ஆனால் தூசியைக் காட்டி மதர்போர்டையே மறுப்பது வேறு கதை. சிப்புக்குத் தற்காப்பு இருக்கும்போது, அடைத்த தூசி அதிகபட்சம் வேகத்தைக் குறைக்க வேண்டும், அணைக்க வேண்டும். போர்டையே கொன்றது தூசிதான் என்று சொல்பவர்தான் அதற்கு விளக்கம் தரவேண்டும்.

4. மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்துப் பயன்படுத்தியது. கையேட்டில் கூடாது என்று எழுதியிருக்கும். ஆகவே தத்துவப்படி விலக்கு. ஆனால் இந்தப் பழக்கம் தடயம் எதையும் விட்டுவைப்பதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

5. திரவம், எறும்பு, கரப்பான், சந்தையில் வாங்கிய மட்டமான சார்ஜர். இவற்றுக்கு மறுப்பு வந்தால் வாதாடுவது கடினம். போர்டில் உலோகம் அரித்துப் பச்சை பூத்திருந்தால் அதைப் படமெடுத்துக் காட்டிவிடுவார்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றே பச்சை பூக்க வைக்கும், காபி கொட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

6. வடிவமைப்பே தவறு. அதாவது எல்லாம் திட்டப்படியே செய்திருக்கிறார்கள், திட்டம்தான் தப்பு. மூலப்பொருள், செய்நேர்த்தி என்ற இரண்டு சொற்களுக்குள் வடிவமைப்பு அடங்காது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. வாசகத்தில் ஒரு சொல் விடுபட்டிருப்பதன் விலை இது. இந்தியச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம், அது பின்னால் வருகிறது.

## 35 டிகிரி என்ற சிறிய எழுத்து

தொழில்நுட்ப விவரப் பட்டியலின் அடியில் 'இயங்கும் சூழல் வெப்பநிலை' என்று ஒரு வரி இருக்கும். ஆப்பிளின் மேக்புக்குகளுக்கு அது 10 முதல் 35 டிகிரி. மற்ற பல நிறுவனங்களின் லேப்டாப்புகளிலும் மேல் எல்லை 35தான். இது சிப்பின் வெப்பம் அல்ல, அறையின் வெப்பம்.

வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஏசி இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறப்பவர், எழுத்துப்படி பார்த்தால், அறிவித்த வழிகாட்டுதலுக்கு வெளியே போய்விடுகிறார். விலக்குப் பட்டியலில் அந்த வரியும் இருப்பதை மேலே பார்த்தோம்.

இதை வைத்து ஒரு நிறுவனம் மறுக்க முடியுமா? எழுத்தில் வழி இருக்கிறது. நடைமுறையில், உங்கள் அறை அன்று எத்தனை டிகிரி இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் அவர்களிடம் இல்லை. அதைவிட முக்கியம், வேலூரில் கடை திறந்து, மே மாதத்தில் தள்ளுபடி போட்டு விற்றுவிட்டு, வேலூர் வெயிலைக் காரணம் காட்டுவது நியாயமான வாதமாகத் தோன்றவில்லை. 35 டிகிரி என்ற எண்ணைப் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டு எவரும் விற்பதில்லையே.

பயனாளருக்கு இந்த எண்ணால் வேறொரு பயன் உண்டு. அறை 35இலிருந்து 42க்குப் போனால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அதே 7 டிகிரி கூடுதலாகச் சுமக்கும். வீடியோ ரெண்டரிங் மாதிரி கனமான வேலைகளை விடியற்காலைக்கோ இரவுக்கோ தள்ளிப்போடுவது லேப்டாப்பின் ஆயுளுக்கு உண்மையிலேயே உதவும்.

## 2008: ஒரே சூடு, மூன்று குற்றவாளிகள்

காரணத்தை நிர்ணயிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியாவின் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

2007 வாக்கில் எச்பி பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகள், டெல் எக்ஸ்பிஎஸ் எம்1330, ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் பொருத்திய ஆப்பிள் மேக்புக் ப்ரோ என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத லேப்டாப்புகள் ஒரே விதமாகச் சாகத் தொடங்கின. திரையில் கோடுகள், பிறகு கருப்பு. பயனாளர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ரொம்பச் சூடாகுது. சூட்டுக்கு அவரவர் பயன்பாட்டையே காரணம் காட்டுவதும் எளிதாக இருந்தது. ஒரு மாடல் மட்டும் என்றால் அப்படியே முடிந்தும் போயிருக்கும். மூன்று பெரிய நிறுவனங்களிலும் ஒரே நோய் என்றதும்தான் பொதுவாக இருந்த சிப்பின்மேல் கண் போயிற்று.

2008 ஜூலை 2 அன்று என்விடியா அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தது. முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் சிப்பையும் அதைத் தாங்கும் பொதியையும் (பேக்கேஜ்) இணைக்கும் மூலப்பொருள் பலவீனமானது, அதற்கான வாரண்டிச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்றது. கணக்கில் கடைசியாக ஏறியது 19.6 கோடி டாலர். அதன் பிறகும் மேலும் தொகைகள் ஒதுக்க நேர்ந்தது.

அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய வரி வேறு. பழுதுக்குப் பங்களித்தவை என்று அது மூன்றைச் சேர்த்தே சொன்னது: தங்கள் மூலப்பொருளின் பலவீனம், லேப்டாப் நிறுவனங்களின் வெப்ப வடிவமைப்பு, வாடிக்கையாளர்களின் பயன்பாட்டு முறை. சிப் செய்தவர், பெட்டி செய்தவர், பயன்படுத்தியவர் என்று பழியை மூன்று பங்காகப் பிரித்த அந்த வாக்கியம், இன்றைக்கும் சர்வீஸ் கவுன்டரில் நடக்கும் சண்டையின் சுருக்கம்தான்.

டெல் கொடுத்த முதல் மருந்து பயாஸ் அப்டேட், அதாவது போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஒரு திருத்தம். ஃபேன் முன்பைவிட அடிக்கடி ஓடும்படி மாற்றினார்கள். சிப்பின் வெப்பம் ஏறி இறங்குவதைக் குறைக்க இது உதவும் என்றார்கள். மேலே சொன்ன மடக்கி நிமிர்த்தும் கம்பியின் ஞாபகம் வரலாம். உச்ச வெப்பத்தைவிட ஏற்ற இறக்கம்தான் எதிரி என்பதை அந்த அப்டேட்டே ஒப்புக்கொண்டது. விரிசல் வருவதை அது தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை. பலருக்கு வாரண்டி முடியும்வரை தள்ளிப்போட்டது என்று அப்போதே கசப்போடு பேசிக்கொண்டார்கள்.

பிறகு வாரண்டி நீட்டிப்புகள் வந்தன. எச்பி குறிப்பிட்ட மாடல்களுக்கு 24 மாதமாக்கியது. டெல் 12 மாதம் கூட்டியது. ஆப்பிள், லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருஷம் என்று தொடங்கி, படிப்படியாக நான்கு வருஷம்வரை இலவசமாக மாற்றியது. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2010 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. எச்பி வாங்கியவர்களுக்கு அவர்களுடைய பழைய விலையுயர்ந்த மாடலுக்குப் பதில் சிக்கனமான காம்பாக் பிரிசாரியோ ஒன்றைக் கொடுத்தார்கள். அது போதாது என்று பலர் ஆட்சேபித்தும் நடக்கவில்லை. அந்தச் சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அந்த மாதிரி போர்டுகளுக்கு ஹீட் கன் வைத்தியம் பிரபலமானது. சிப்பைச் சூடாக்கினால் உயிர் வரும், சில வாரம் ஓடும், மறுபடி சாகும். காரணம் எளிது. விரிசல் சிப்பின் அடியில் இருந்த பெரிய சால்டர் உருண்டைகளில் இல்லை, பொதிக்கு உள்ளே இருந்த நுண்ணிய புள்ளிகளில் இருந்தது. வெளியே உருண்டைகளை எத்தனை முறை மாற்றினாலும் (ரீபால்) உள்ளே இருப்பது ஒட்டாது. இன்றைக்கும் 'சூடு காட்டி ரெடி பண்ணித் தரேன்' என்று குறைந்த விலைக்கு யாராவது சொன்னால் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிளில் இதே கதை மறுபடி நடந்தது. இம்முறை சிப் ஏஎம்டியுடையது. 2011 பிப்ரவரி முதல் 2013 டிசம்பர் வரை விற்ற சில மேக்புக் ப்ரோக்களுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் வந்தது 2015 பிப்ரவரியில்தான், அதுவும் அமெரிக்காவில் வழக்குப் பதிவான பிறகு.

## கவுன்டரில் நடப்பது: சிஐடி

சர்வீஸ் சென்டர் பேச்சில் சிஐடி என்றால் போலீஸ் இல்லை. 'கஸ்டமர் இண்ட்யூஸ்டு டேமேஜ்', அதாவது வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்பதன் சுருக்கம். சென்டரில் கோளாறைப் பதியும் ஜாப் ஷீட்டில் இந்த மூன்று எழுத்து ஏறிவிட்டால் இலவசம் என்ற பேச்சு முடிந்தது, எஸ்டிமேட் வரும். ஆகவே அந்தத் தாளில் யார் எதை எழுதுகிறார்கள் என்பதே முக்கியம்.

1. அறிகுறியை மட்டும் சொல்லுங்கள், காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். 'தானாக அணைகிறது, இந்தத் தேதியிலிருந்து, பத்து நிமிடத்துக்குள்' என்பது அறிகுறி. 'ஓவர்ஹீட்டில் போர்டு போய்விட்டது' என்பது உங்களுக்குத் தெரியாத ஒரு தீர்ப்பு. கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், கேட்காத மருத்துவ அறிக்கையை நீங்களே எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

2. சின்னக் கோளாறிலேயே போங்கள். ஃபேன் சத்தம், காரணமில்லாத வேகக் குறைவு, ஓரிரு முறை அணைந்தது. வாரண்டிக்குள் இவை ஜாப் ஷீட்டில் ஏறியிருந்தால், பதினான்காம் மாதம் போர்டு சாகும்போது 'இதே குறையை எட்டாம் மாதமே சொன்னேன்' என்று காட்டத் தாள் இருக்கும். 'கோளாறு எதுவும் இல்லை' என்று திருப்பித் தந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். பின்னால் அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

3. லேப்டாப்புக்குள்ளேயே சோதனை நிரல் உண்டு. டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்12, எச்பியில் எஃப்2 அழுத்தினால் வரும். பிழை எண் கிடைத்தால் படம் எடுங்கள். நிறுவனத்தின் சொந்தச் சோதனையே குறை சொன்னால் மறுப்பது கஷ்டம்.

4. கொடுக்கும் முன் அடிப்பக்கம், திருகாணிகள், துளைகள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். திருகாணி ஒன்று காணாமல் போயிருந்தால் வெளியே யாரோ திறந்ததாக எழுத அதுவே போதும்.

5. மறுத்தால் வாய்மொழி பதிலோடு திரும்பாதீர்கள். என்ன காரணம், எந்தப் பாகத்தில் என்ன கண்டார்கள், படம் எங்கே என்று மின்னஞ்சலில் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் கேட்டதும் சில மறுப்புகள் தாமாகவே இளகும்.

தூசி துடைக்க வெளியே கொடுத்தால் வாரண்டி மொத்தமும் போய்விடுமா என்ற பயம் பலருக்கு. அமெரிக்காவில் 'இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி ரத்து' என்ற வாசகம் செல்லாது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. அங்கே 1975 முதலே அதற்குச் சட்டம் உண்டு. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. ஆனால் அது தகவல் தரும் தளம்தான், ஸ்டிக்கரைச் செல்லாததாக்கும் சட்டம் அல்ல. வாரண்டி இருக்கும்வரை நிறுவனத்திடமே துடைக்கக் கொடுத்து ரசீது வாங்குவது புத்திசாலித்தனம்.

## மறுத்த பிறகு: சட்டம் தரும் பிடி

இந்தியாவில் வாங்கியவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'குறைபாடு' என்பதன் விளக்கம் வாரண்டி வாசகத்தைவிட அகலமானது. தரத்திலோ தன்மையிலோ உள்ள எந்தப் போதாமையும் குறைபாடுதான். அந்தத் தரம் சட்டத்தால் வந்ததாக இருக்கலாம், வெளிப்படையான அல்லது உள்ளுறையான ஒப்பந்தத்தால் வந்ததாக இருக்கலாம், வியாபாரி எந்த விதத்திலேனும் சொல்லிக்கொண்டதாகவும் இருக்கலாம். 'கேமிங்குக்கென்றே' என்று விளம்பரம் செய்த லேப்டாப் கேம் ஆடினால் அணைகிறது என்றால், அங்கே வடிவமைப்பா செய்நேர்த்தியா என்ற நுணுக்கத்துக்குப் போகாமலே வாதாடலாம்.

இதே சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்றொரு அத்தியாயம் உண்டு. வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது எல்லாம் அதில் வரும். பலர் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆனால் அந்த அத்தியாயத்துக்கான 'தீங்கு' என்ற சொல்லின் விளக்கத்தில், பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. லேப்டாப் தீப்பிடித்து மேசை எரிந்தால், கை வெந்தால், அந்த அத்தியாயம். லேப்டாப் மட்டும் செத்தது என்றால் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற வழியில்தான் போக வேண்டும்.

நடைமுறை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, லேப்டாப் வழக்குகள் அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கும். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையத்திலும் பதியலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், ஆனால் சுயதொழிலால் பிழைக்க வாங்கியவர் ஆவார். வீட்டிலிருந்து வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இங்கே உண்டு. குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. திறந்து பார்ப்பவர் நிறுவனத்தின் ஆள் என்ற சிக்கலுக்கு இதுதான் சட்டத்தின் பதில். சிக்கனமாகப் பழுதுபார்க்க வேண்டும் என்று வெளியே கொடுத்துப் போர்டைச் சூடாக்கிவிட்டால், ஆய்வகத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் லேப்டாப்பை அப்படியே வையுங்கள்.

ஐரோப்பாவில் இந்தச் சுமையே தலைகீழ். அங்கே சட்டப்படியான உத்தரவாதம் இரண்டு வருஷம். முதல் வருஷத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அப்படிப்பட்ட அனுமானம் எழுதப்படவில்லை. அதனால்தான் இங்கே ஜாப் ஷீட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

## கூடுதல் வாரண்டிகள்

கூடுதலாகக் காசு கட்டி வாங்கும் திட்டங்களில் இரண்டு வகை உண்டு. நீட்டித்த வாரண்டி அதே வாக்குறுதியை அதே விலக்குகளோடு நீட்டும், அவ்வளவுதான். விபத்துச் சேதப் பாதுகாப்பு வேறு. அது கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது, மின் அழுத்த உயர்வு போன்றவற்றைப் பார்க்கும். மெதுவாகச் சேரும் சூட்டுச் சேதம் விபத்து ஆகாது. சூட்டுக்காக வாங்குவதென்றால் முதல் வகைதான் பயன், மூன்று வருஷத்துக்கு எடுத்தால் பதினான்காம் மாதக் கவலை தீரும். கடைக்காரர் தருவது நிறுவனத்தின் திட்டமா, வேறு காப்பீட்டுக் கம்பெனியுடையதா என்பதையும் பார்க்க வேண்டும். லேப்டாப்புக்கு மூன்று வருஷம் இருந்தாலும் பேட்டரிக்கு ஒரு வருஷம் மட்டும் என்பது பரவலான வழக்கம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கி வந்ததாக இருந்தால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதைக் கோளாறு வரும் முன்பே நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

## உப்பிய பேட்டரி மட்டும் தனிக் கணக்கு

டச்பேட் மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை வைத்துக்கொண்டு வாரண்டி வருமா வராதா என்று வாரக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, எரியாத தளத்தில் வைத்துவிட வேண்டும். அமுக்கவும் குத்தவும் கூடாது.

இதில் வாரண்டியைத் தாண்டிய ஒரு வழியும் இருக்கிறது: திரும்பப் பெறும் அறிவிப்பு. 2006இல் சோனி தயாரித்த பேட்டரிகள் தீப்பிடித்ததால் டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2019 ஜூனில் ஆப்பிள், 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற சில 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. அந்த ஆகஸ்டில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பேட்டரி மாற்றாத அந்த மாடல்களை விமானத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. இப்படிப்பட்ட அறிவிப்பில் வாரண்டி முடிந்ததா என்ற கேள்வியே எழாது. பில் தொலைந்திருந்தாலும், இரண்டாம் கையாக வாங்கியிருந்தாலும், பார்ப்பது லேப்டாப்பிலோ பேட்டரியிலோ அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும்தான்.